கையெழுத்து லண்டனில், கேபிள் வார்டில்

மருத்துவமனை நெட்வொர்க் பொறியாளரின் வேலை யார் கண்ணிலும் படாத இடங்களில் நடக்கிறது. படிக்கட்டுக்கு அடியில் ஒரு பூட்டிய அலமாரி, பயன்பாட்டில் இல்லாத சலவைக் கூடத்தின் மூலை, பொய்க்கூரைப் பலகைகளுக்கு மேலே தூசி படிந்த கேபிள் கட்டு. அலமாரிக்குள் சுவிட்சின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் மேலே வார்டில் ரத்தப் பரிசோதனை முடிவு திரைக்கு வரும், எக்ஸ்ரே படம் அறுவை அரங்குக்குப் போகும், மருந்தகத்தில் சீட்டு அச்சாகும். அணைந்துவிட்டால் ஆன்-கால் போன் அடிக்கும்.

நெல்லைச் சீமையில் பிறந்து, சென்னையில் கொஞ்ச காலம் சர்வர் வேலை பார்த்துவிட்டு, 2000-களின் தொடக்கத்தில் வடக்கு இங்கிலாந்துக்குப் போன ஒரு தமிழருக்கு இந்த வேலையிலேயே தலை நரைத்தது. அவர் சேர்ந்தது ஒரு மாவட்ட மருத்துவமனை. என்.எச்.எஸ். என்று எல்லாரும் சொல்லும் தேசியச் சுகாதார சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. டாக்டரைப் பார்க்கவோ அறுவை சிகிச்சை செய்துகொள்ளவோ அங்கே வசிப்பவர்கள் பணம் கட்டுவதில்லை. அவருடைய பிள்ளைகள் அதே மருத்துவமனையில்தான் பிறந்தார்கள். அப்பாவின் வைத்தியச் செலவுக்கு அம்மாவின் நகையை அடகு வைத்த வீட்டிலிருந்து வந்தவர் அவர். பில் கொடுக்காத மருத்துவமனையின் அருமை அவருக்குத் தெரியும். அதனால்தான், அந்தச் சேவையின் பணம் கணினித் திட்டங்களில் கரைந்தபோது அவருக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை.

2002 பிப்ரவரியில் பிரதமர் டோனி பிளேரின் இல்லத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நாடு முழுவதும் ஒரே மின்னணு நோயாளர் பதிவேடு, எந்த மருத்துவமனைக்குப் போனாலும் நோயாளியின் விவரம் திரையில் வரவேண்டும் என்ற எண்ணம் அங்கே உருவெடுத்தது. அதே ஆண்டு திட்டம் அறிவிக்கப்பட்டது. முதலில் சொன்ன தொகை 3 ஆண்டுகளுக்கு 230 கோடி பவுண்ட். இங்கிலாந்தை 5 மண்டலங்களாகப் பிரித்து, 4 பெரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2003 இறுதிக்கும் 2004 தொடக்கத்துக்கும் இடையில் அந்தக் கையெழுத்துகள் எல்லாம் விழுந்துவிட்டன. பல்லாயிரம் மருத்துவர்களும் செவிலியர்களும் பத்தாண்டு பயன்படுத்தப்போகும் அமைப்புக்கு, கூட்டத்திலிருந்து ஒப்பந்தம் வரை இரண்டே ஆண்டு.

அந்த இரண்டு ஆண்டுகளில் அவருடைய மருத்துவமனைக்கு வந்து, வார்டுக்கு எத்தனை கணினி, கேபிள் எந்தக் காலத்தது, பழைய கட்டடத்தின் கருங்கல் சுவரை வயர்லெஸ் தாண்டுமா என்று கேட்டவர் யாரும் இல்லை. எக்ஸ்ரே அறையின் சுவருக்குள் ஈயத் தகடு இருப்பதும், அந்தப் பக்கம் சிக்னல் போகாது என்பதும் உள்ளூர் ஆட்களுக்குத்தான் தெரியும். ஒப்பந்தம் வந்தபோது, எந்த மென்பொருள், யார் தருவது, எப்போது நிறுவுவது எல்லாம் அதில் முடிவாகியிருந்தது. உள்ளூர்ப் பிரிவுக்கு மிச்சம் இருந்தது, வருவதை ஓடவைக்கும் வேலை.

அந்த வேலை எப்படி இருந்தது என்பதற்கு அவசரப் பிரிவின் ஸ்மார்ட் கார்டு ஒன்றே போதும்.

தேசிய அமைப்புக்குள் நுழைய ஒவ்வொரு ஊழியருக்கும் சிப் பதித்த ஒரு கார்டு. முதலில் விண்டோஸ் லாகின். பிறகு கார்டைச் செருகி ரகசிய எண் போடவேண்டும். பிறகு தன் பொறுப்பைப் பட்டியலில் தேர்ந்தெடுத்து, அதற்குரிய மென்பொருளைத் திறக்கவேண்டும். கார்டை உருவினால் எல்லாம் மூடிக்கொள்ளும். அலுவலக மேசையில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவருக்கு இது சரி. அவசரப் பிரிவில் ஒரு கணினியை ஒரே ஷிப்டில் பத்துப் பதினைந்து பேர் மாறி மாறித் தொடுவார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இதற்கு நடுவே ஒரு மென்பொருளுக்கு ஜாவாவின் ஒரு பதிப்பு, இன்னொன்றுக்கு வேறு பதிப்பு. ஒன்றைப் புதுப்பித்தால் மற்றது நின்றுபோகும்.

மதுரையிலிருந்து வந்து அங்கே இரவுப் பணி பார்த்த இளம் டாக்டர் ஒருவர், இவரைத் தனியாகக் கூப்பிட்டுத் தமிழில் சொன்னார்: “அண்ணே, உள்ள போறதுக்குள்ள பேஷண்டை ரெண்டு தடவை பாத்துட்டு வந்துடலாம். ஒருத்தர் கார்டைக் காலைல செருகிட்டு அப்படியே விட்டா என்ன?”

“யார் எந்தப் பதிவைப் பாத்தாங்கன்னு கணக்கு வைக்கத்தான் டாக்டர் அந்தக் கார்டு. நாளைக்கு ஒரு தப்பு நடந்தா, கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்க தலைதான் உருளும். நீங்க மட்டும் அதைச் செய்யாதீங்க” என்றார் இவர். டாக்டர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதை மேலே எழுதி அனுப்பினார். தேசிய அமைப்பின் வடிவத்தை ஓர் உள்ளூர் மருத்துவமனை மாற்ற முடியாது என்றுதான் பதில் வந்தது.

வார்விக்‌ஷையரில் ஒரு மருத்துவமனை 2007-இல் அந்தக் கார்டுப் பகிர்வை வெளிப்படையாகவே அனுமதித்தது. லாகின் ஆக 60 முதல் 90 விநாடி பிடிக்கிறது, அவசரப் பிரிவில் அது நடக்காது என்பது அவர்கள் சொன்ன காரணம். பத்திரிகைகளில் அது பாதுகாப்பு மீறலாக வந்தது. இவருக்கோ, வார்டு முதலிலேயே கேட்கப்பட்டிருந்தால் எழுந்தே இருக்காத பிரச்சினை அது என்று பட்டது.

மேலிருந்து மற்ற செய்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குடும்ப டாக்டரின் அறையிலிருந்தே மருத்துவமனை நேரத்தைப் பதிவு செய்யும் சேவையில் 2004 இறுதிக்குள் 2,05,000 பதிவுகள் நடக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நடந்தவை 63 என்று தேசியத் தணிக்கை அலுவலகம் எழுதியது. 2006 ஏப்ரலில் 23 கணினி அறிவியல் பேராசிரியர்கள் சேர்ந்து, இந்தத் திட்டத்தைச் சுதந்திரமான நிபுணர்களை வைத்துப் பரிசோதியுங்கள் என்று நாடாளுமன்றக் குழுவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அதே ஆண்டு ஜூலை இறுதியில் மெய்ட்ஸ்டோன் நகரின் தரவு மையத்தில் ஏற்பட்ட கோளாறால், மருத்துவமனைகளையும் உள்ளூர்ச் சேவைகளையும் நடத்தும் 80 டிரஸ்டுகள் தங்கள் நோயாளர் பதிவு அமைப்பை இழந்தன. ஒன்று விழுந்தால் பொறுப்பேற்கவேண்டிய மாற்று ஏற்பாடும் கைகொடுக்கவில்லை. சில நாட்கள் பேனாவும் காகிதமுமாக ஓடியது. முன்பு அந்த டிரஸ்டுகளின் சர்வர் அவரவர் கட்டடத்தில் இருந்தது. கெட்டால் ஒரு மருத்துவமனை கெடும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்த பிறகு, ஓர் அறையின் கோளாறு ஒரு மண்டலத்தின் கோளாறாயிற்று.

ஒப்பந்தங்களும் நிலைக்கவில்லை. 2006-இல் அக்சென்ச்சர் தன் இரு மண்டலங்களையும் விட்டு விலகியது. 2008-இல் தென் மண்டலத்தில் ஃபுஜிட்சுவுடனான ஒப்பந்தம் முறிந்து, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. வடக்கும் நடுநாடும் கிழக்கும் லொரென்சோ என்ற மென்பொருளுக்காகக் காத்திருந்தன. இங்கேதான் தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதைக்கும் ஓர் உண்மையான தொடர்பு வருகிறது. லொரென்சோவை எழுதும் வேலை பெருமளவு சென்னையில் நடந்தது. ஒரு முனையில் சென்னையில் தமிழ் இளைஞர்கள் நிரல் எழுதிக்கொண்டிருந்தார்கள். மறுமுனையில் அந்த மென்பொருள் ஓடவேண்டிய வார்டில் நெல்லைக்காரர் ஒருவர் கேபிள் செருகிக்கொண்டிருந்தார். இரண்டு முனைகளும் பேசிக்கொள்ள அந்த ஏற்பாட்டில் வழி கிடையாது. நடுவில் ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர், தேசிய அமைப்பு, மண்டல அலுவலகம் என்று அடுக்கடுக்காக இருந்தன.

லொரென்சோவை 220 டிரஸ்டுகளுக்குத் தருவதாக 310 கோடி பவுண்ட் மதிப்பில் போட்ட ஒப்பந்தம், கடைசியில் 22 டிரஸ்டுகளாகச் சுருங்கியது. முழு நோயாளர் பதிவேடு 2010-க்குள் எல்லாருக்கும் கிடைக்கும் என்ற வாக்குறுதி பொய்த்தது. அதுவரை நோயாளர் பதிவு அமைப்புகளுக்குச் செலவான 270 கோடி பவுண்டுக்குத் தக்க பயன் கிடைக்கவில்லை என்று 2011-இல் தணிக்கை அலுவலகம் சொன்னது. அந்த ஆண்டு செப்டம்பரில் அரசு திட்டத்தைக் கலைப்பதாக அறிவித்தது. 2013-இல் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு, மொத்தச் செலவு ஏறத்தாழ 980 கோடி பவுண்ட் என்று குறிப்பிட்டு, பொதுத்துறை வரலாற்றின் மிக மோசமான ஒப்பந்தத் தோல்விகளில் இதையும் சேர்த்தது.

எல்லாமே வீண் என்று அவர் சொல்வதில்லை. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைக் கணினியில் சேமித்து அனுப்பும் அமைப்பு 2007 இறுதிக்குள் இங்கிலாந்தின் அவசர, அறுவை சிகிச்சை தரும் மருத்துவமனை டிரஸ்டுகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. அதற்கு முன் எக்ஸ்ரே ஃபிலிம் பழுப்பு உறையில், போர்ட்டரின் தள்ளுவண்டியில் போகும். வெள்ளிக்கிழமை மாலை உறை காணாமல் போனால் திங்கள் வரை தேடுவார்கள். புதிய அமைப்புக்காகக் கதிரியக்கப் பிரிவிலிருந்து அறுவை அரங்குக்கு அவர் ஃபைபர் இழுத்தபோது, கதிரியக்க மருத்துவர்களே கூடவே நின்று எந்தச் சுவரில் எந்தத் திரை வேண்டும் என்று காட்டினார்கள். ஒரு சி.டி. ஸ்கேன் நூற்றுக்கணக்கான மெகாபைட் வரும், அது வந்து திறக்க எத்தனை விநாடி தாங்கும் என்பதை அவர்களே சொன்னார்கள். அதற்கேற்ப சுவிட்சுகளை அடுக்கினார். கேட்டது மருத்துவர், செய்தது பக்கத்தில் இருந்த பொறியாளர், பணம் தந்தது மையம். அந்த வேலை இன்றும் நிற்கிறது.

நாடு தழுவிய நெட்வொர்க்கையும் அவர் குறைத்துப் பேசமாட்டார். பழைய என்.எச்.எஸ்.நெட்டுக்குப் பதிலாக என்3 என்ற இணைப்பு 2004-இல் 53 கோடி பவுண்டுக்கு, 7 ஆண்டு ஒப்பந்தமாக வந்தது. மலையோரக் கிராமத்துக் குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கும் பிராட்பேண்டைக் கொண்டுபோனது அதுதான். அவருக்கு இருந்த குறை வேறு. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் கிளினிக்கின் ரூட்டர் ஒப்பந்த நிறுவனத்தின் உடைமை. பாஸ்வேர்டு உள்ளூர்ப் பொறியாளரிடம் இருக்காது. ஒரு புதிய பரிசோதனைக் கருவிக்கு ஒரே ஒரு போர்ட் திறக்கவேண்டும் என்றாலும் விண்ணப்பம், ஒப்புதல், காத்திருப்பு. பெட்டிக்கு முன்னால் நிற்பவர் விவரம் தெரிந்தவர். ஆனால் அதைத் தொட அவருக்கு அதிகாரம் இல்லை.

இந்தப் பெட்டிகளின் மேல் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. 2002 முதல் 2012 வரையான பத்தாண்டில் சுகாதார அமைச்சர் பதவியில் 7 பேர் இருந்தார்கள். 2002-இல் 303 ஆக இருந்த உள்ளூர் ஆரம்பச் சுகாதார டிரஸ்டுகள் 2006 அக்டோபரில் 152 ஆயின. 2013 ஏப்ரலில் அவை ஒட்டுமொத்தமாக ஒழிக்கப்பட்டு 211 மருத்துவக் குழுமங்கள் வந்தன. 2022 ஜூலையில் அவையும் போய் 42 ஒருங்கிணைந்த வாரியங்கள் வந்தன. தேசிய அளவில் கணினிப் பொறுப்பை வைத்திருந்த என்.எச்.எஸ். டிஜிட்டல் 2023 பிப்ரவரியில் என்.எச்.எஸ். இங்கிலாந்துடன் இணைக்கப்பட்டது, 2025 மார்ச்சில் அந்த என்.எச்.எஸ். இங்கிலாந்தையே கலைப்பதாக அரசு சொன்னது.

செய்தித்தாளில் இவை ஒரு நாள் தலைப்பு. கணினிப் பிரிவில் ஒவ்வொன்றும் பல மாத வேலை. நிறுவனம் மாறினால் டொமைன் மாறும். டொமைன் மாறினால் ஒவ்வொருவரின் லாகின், மெயில், கோப்புறை உரிமை, பிரிண்டர் எல்லாம் மாறும். மாவட்டச் செவிலியர் வீடுவீடாகக் கொண்டுபோகும் லேப்டாப்பைத் திருப்பி வாங்கி, மாற்றிக் கொடுத்து, மறுநாள் அது திறக்கவில்லை என்ற அழைப்பை எடுக்கவேண்டும். 2013 மாற்றத்துக்குப் பிறகு ஒரு கிளினிக்கில் ரூட்டர் பழுதானபோது, அதன் மேல் ஒட்டியிருந்த சொத்துச் சீட்டில் இருந்த நிறுவனமே இல்லை. மாற்று ரூட்டருக்கு யார் பணம் தருவது என்று மூன்று அலுவலகங்களுக்கு இடையே மெயில் போய்வந்தது. அதுவரை அந்த கிளினிக்கின் டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தொலைபேசியில் கேட்டுக் கையால் எழுதினார். நோயாளிகளின் எண்ணிக்கை மாறவில்லை. டாக்டரும் மாறவில்லை, கட்டடமும் மாறவில்லை.

புதியதைத் தொடங்கக் கோடிகள் கிடைத்த காலத்திலேயே, இருப்பதைப் பராமரிக்கச் சில்லறை கிடைக்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்தியது. மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தர 55 லட்சம் பவுண்டுக்கு அரசு ஓர் உடன்பாடு போட்டது. 2015-இல் அது நீட்டிக்கப்படவில்லை. சாதாரணக் கணினிகளை மாற்றிவிடலாம். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை இயக்கும் கணினியை என்ன செய்வது? அது இயந்திரத்தோடு சேர்ந்து சான்று பெற்றது. பேட்ச் என்னும் அந்தப் புதுப்பிப்பைப் போட்டால் சான்றும் உத்தரவாதமும் செல்லாது என்று தயாரிப்பாளர்கள் சொல்வது வழக்கம். இயந்திரத்தை மாற்ற லட்சக்கணக்கில் செலவாகும். அவர் செய்ய முடிந்தது, அதை வி-லேன் எனும் தனி நெட்வொர்க் பிரிவில் ஒதுக்கி, நடுவில் ஃபயர்வால் வைப்பது. அதற்குப் பழைய சுவிட்சுகளை மாற்றவேண்டும். ஆண்டுதோறும் விண்ணப்பம் எழுதினார். இந்த ஆண்டு முதலீட்டுப் பணம் இல்லை, வார்டுகளின் அன்றாடச் செலவுக்குப் போய்விட்டது என்ற பதில்தான் வந்தது. அதைச் சொன்ன நிதிப் பிரிவு அதிகாரியும் நல்லவர்தான். செவிலியர் சம்பளமா சுவிட்சா என்று வந்தால் அவரும் என்ன செய்வார்?

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னக்ரை என்ற பிணைப்பணக் கிருமி உலகெங்கும் பரவியது. விண்டோஸில் அது புகுந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் 14 அன்றே வெளிவந்திருந்தது. மார்ச் 17, ஏப்ரல் 28 தேதிகளில் என்.எச்.எஸ். டிஜிட்டல் எச்சரிக்கையும் அனுப்பியிருந்தது. இங்கிலாந்தின் 236 டிரஸ்டுகளில் 80 பாதிக்கப்பட்டன. அவற்றில் 34-இல் கிருமி நுழைந்து கணினிகளைப் பூட்டியது. மற்றவை தற்காப்புக்காக இணைப்பைத் துண்டித்ததாலும் வேறு வகையிலும் தடைபட்டன. 595 குடும்ப டாக்டர் கிளினிக்குகளும் சிக்கின. 19,000-க்கும் மேற்பட்ட நேரப்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்று என்.எச்.எஸ். இங்கிலாந்து மதிப்பிட்டது. மொத்தச் சேதம் 9.2 கோடி பவுண்ட் என்று சுகாதாரத் துறை பின்னர் கணக்கிட்டது.

இவருடைய மருத்துவமனைக்குள் கிருமி வரவில்லை. வெளி இணைப்பை அவர்களே பிடுங்கினார்கள். மெயில் நின்றது, தகவல் எல்லாம் சொந்த போனில், வாட்ஸ்அப்பில் ஓடியது. ஆய்வகத்திலிருந்து பொட்டாசியம் அளவும் ஹீமோகுளோபின் அளவும் எழுதிய துண்டுச் சீட்டுகளோடு மருத்துவ மாணவர்கள் வார்டுக்கு ஓடினார்கள். கணினிப் பிரிவில் எல்லாரும் பேட்ச் வட்டோடு ஒவ்வொரு மேசையாகக் குனிந்து நிமிர்ந்தார்கள். எம்.ஆர்.ஐ. கணினியின் கேபிளை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, இனி ஸ்கேன் படத்தை எப்படி அனுப்புவது என்று கதிரியக்க ஊழியரோடு நின்று அவர் பேசினார். அன்று மாலையே ஓர் இளம் ஆய்வாளர் கிருமிக்குள் இருந்த ஒரு இணையப் பெயரைப் பதிவு செய்து அதன் பரவலை நிறுத்தியது நாட்டின் நல்ல நேரம். இது நாட்டையே உலுக்கிய தாக்குதல். ஆனால் தணிக்கையாளர்கள் காட்டிய பரிகாரம் மிக எளியது: பேட்ச் போடுவது, ஃபயர்வாலைச் சரியாக வைப்பது. அந்த இரண்டுக்கும்தான் உள்ளூர்ப் பிரிவுகள் ஆளும் பணமும் கேட்டுக்கொண்டிருந்தன.

2024 செப்டம்பரில், என்.எச்.எஸ்.ஸின் நிலையை ஆராய்ந்து டார்சி பிரபு அரசுக்குத் தந்த அறிக்கையில் நம் பொறியாளர் தேடிக்கொண்டிருந்த கணக்கு கிடைத்தது. 2014-15 முதல் 2018-19 வரை 430 கோடி பவுண்ட் முதலீட்டு நிதி, அன்றாடச் செலவுக்காக எடுக்கப்பட்டிருக்கிறது. தன் சுவிட்சு விண்ணப்பங்கள் எங்கே போயின என்பது அவருக்கு அப்போது புரிந்தது. சரியாக ஓடாத கணினிகளால் இங்கிலாந்தின் மருத்துவர்கள் ஆண்டுக்கு 1 கோடியே 35 லட்சம் வேலை மணி நேரத்தை இழக்கிறார்கள் என்று பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 2022-இல் சொல்லியிருந்தது. அந்தத் தொகையும் இந்த மணி நேரமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்கிறார் அவர்.

2025 ஜூலையில் அரசு அடுத்த பத்தாண்டுச் சுகாதாரத் திட்டத்தை வெளியிட்டது. அதில் மறுபடியும் ஒற்றை நோயாளர் பதிவேடு இருக்கிறது. அது வரவேண்டும் என்றே அவரும் விரும்புகிறார். நினைவு தப்பிய முதியவரை ஆம்புலன்ஸ் கொண்டுவரும்போது, எந்த மருந்து ஒவ்வாது என்று திரை சொன்னால் உயிர் பிழைக்கும். அதற்கு அவர் கேட்பவை மூன்று. ஒப்பந்தம் எழுதுமுன், எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வகை மருத்துவமனையிலும் ஓர் இரவு ஷிப்ட் நிற்கவேண்டும். பராமரிப்புப் பணத்தை வேறெதற்கும் எடுக்கக்கூடாது என்று விதி வேண்டும். வாசலில் உள்ள ரூட்டர் பெட்டியின் சாவி, அதற்குப் பொறுப்பான உள்ளூர்ப் பொறியாளரிடம் இருக்கவேண்டும்.

இங்கிலாந்தில் வாழும் தமிழ் வாசகர்களிடம் அவருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் மருத்துவமனை டிரஸ்டுக்குத் தகவல் சுதந்திரச் சட்டப்படி ஒரு மெயில் அனுப்புங்கள். கடந்த 5 ஆண்டுகளில் கணினிக்கு ஒதுக்கிய முதலீட்டுப் பணத்தில் எவ்வளவு வேறு செலவுக்கு மாற்றப்பட்டது என்று கேளுங்கள். கட்டணம் கிடையாது; 20 வேலை நாட்களுக்குள் அவர்கள் பதில் தரவேண்டும். வந்த பதிலை உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பிவையுங்கள்.